கடல்நீர்த் தொட்டிக்குப் புது மீனும் பவளமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை கொளத்தூரில் கடை கடையாக ஏறி இறங்கி ஒரு ஜோடி க்ளவுன் மீனை வாங்கி வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, பையைத் தொட்டியில் எவ்வளவு நேரம் மிதக்கவிட வேண்டும் என்பதுதான். அதற்கும் கீழே பதில் இருக்கிறது. ஆனால் மீன் பிழைப்பதைத் தீர்மானிப்பது அந்த அரை மணி நேரம் அல்ல. மீன் வரும் முன்பே உப்பின் அளவைச் சரிசெய்து வைத்தீர்களா, வந்தபின் சில வாரம் தனியாக வைத்துப் பார்த்தீர்களா என்பவைதான் தீர்மானிக்கின்றன. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் சுற்றியே வரும்.

தொட்டி தயாராகிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தண்ணீர் தெளிந்திருப்பதை வைத்து முடிவுசெய்ய முடியாது. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றுகிறது, இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. இவை கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருக வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். தொட்டியில் மீன் இல்லாதபோதே அம்மோனியா ஊற்றிச் சோதியுங்கள். ஒரு நாளுக்குள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்தால் முதல் மீனைக் கொண்டுவரலாம். இந்தப் பாக்டீரியாவைப் பெருக்குவதற்கு, அதாவது 'சைக்கிள்' ஓட்டுவதற்கென்று டாம்சல் மீனை வாங்கி விடச் சொல்லும் பழக்கம் இன்னும் சில கடைகளில் உண்டு. அதைக் கேட்காதீர்கள். மீனுக்கு அது சித்திரவதை. தப்பிப் பிழைக்கும் டாம்சலோ தொட்டியைத் தன் ராஜ்யமாக்கிக்கொண்டு, பின்னால் வரும் எந்த மீனையும் நிம்மதியாக இருக்க விடாது.

பையை எவ்வளவு நேரம் மிதக்கவிட வேண்டும்?

15 முதல் 20 நிமிடம் போதும். இது வெப்பநிலையைச் சமப்படுத்த மட்டும்தான். தொட்டி விளக்கை அணைத்துவிடுங்கள். விளக்கின் சூடு பைக்குள் சீக்கிரம் ஏறும், வெளிச்சம் மீனை மிரளவும் வைக்கும். கடையிலிருந்து வரும் வழியில் பையை வண்டியின் முன்னால் தொங்கவிட்டு வெயிலில் கொண்டுவராதீர்கள். ஒரு தெர்மாகோல் பெட்டி சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும்.

சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்ப்பது எல்லா மீனுக்கும் நல்லதுதானே?

இல்லை. பலர் நல்லது செய்கிறோம் என்று நினைத்தே மீனை இழப்பது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பை மூடியிருக்கும்போது மீன் விடும் கரியமில வாயு தண்ணீரில் சேர்ந்துகொண்டே போகிறது, பி.ஹெச். இறங்குகிறது. மீன் வெளியேற்றும் அம்மோனியாவும் அதே தண்ணீரில்தான் சேர்கிறது. பி.ஹெச். குறைவாக இருக்கும்வரை அந்த அம்மோனியாவின் பெரும்பகுதி அம்மோனியமாக, அதிகம் தீங்கு செய்யாத வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறுகிறது. பி.ஹெச். மளமளவென்று ஏறுகிறது. நீங்கள் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கும் தொட்டி நீரின் பி.ஹெச். 8-க்கு மேல் இருப்பதால் அதுவும் சேர்ந்து உயர்த்துகிறது. பி.ஹெச். ஒரு புள்ளி ஏறினால் நச்சு வடிவ அம்மோனியா ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும். ஒன்றரை மணி நேரம் பொறுமையாகச் சொட்டவிடும்போது மீன் அந்த நஞ்சுக்குள்ளேயே கிடக்கிறது.

எனவே பயண நேரத்தைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். உள்ளூர்க் கடையில் கட்டி ஒரு மணி நேரத்துக்குள் வீடு வந்த மீனுக்கு அரை மணி நேரம் சொட்டவிடுவதில் கெடுதல் இல்லை. விமானத்திலோ கூரியரிலோ பல மணி நேரம் பையில் கிடந்து வந்த மீன் என்றால் முறையே வேறு. அதை அனுப்பும் கடையில் உப்பு அளவு என்ன என்று முந்தின நாளே கேட்டு, தனிமைத் தொட்டியை (புது மீனைச் சில வாரம் தனியே வைத்துப் பார்க்கும் சிறு தொட்டி) அதே அளவில் கலந்து வையுங்கள். பை வந்ததும் வெப்பநிலையை மட்டும் சமப்படுத்துங்கள். பிறகு திறந்து, உப்பை ஒருமுறை அளந்து உறுதிசெய்துகொண்டு, மீனை உடனே மாற்றிவிடுங்கள். என்னைக் கேட்டால், உள்ளூரில் வாங்கும் மீனுக்கும் இதுவே சிறந்த வழி.

கடைத் தண்ணீரின் உப்பு அளவு (ஒப்படர்த்தி) 1.019, என் தொட்டியில் 1.025. என்ன செய்வது?

செலவைக் குறைக்கவும் ஒட்டுண்ணிகளை ஓரளவு அடக்கவும் பல கடைகள் மீன் தொட்டிகளில் உப்பைக் குறைத்தே வைத்திருக்கின்றன. கடல் மீனின் இரத்தத்தில் உள்ள உப்பு கடல்நீரில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். உடலிலிருந்து தண்ணீர் வெளியேறிக்கொண்டே இருப்பதால் அது ஓயாமல் கடல்நீரைக் குடித்து, மிகுதி உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றுகிறது. உப்பு குறைந்த நீருக்குப் போனால் இந்த வேலை குறையும், மீன் எளிதாகத் தாங்கிக்கொள்ளும். கூடுதல் உப்புக்குத் திடீரென்று போனால் உடல் வறண்டுவிடும். அதன் விளைவு அன்றே தெரியாமல் இரண்டு மூன்று நாள் கழித்துத் தெரிவதால், 'நன்றாகத்தானே இருந்தது, ஏன் செத்தது?' என்று குழம்புவார்கள்.

ஆகவே தனிமைத் தொட்டியை 1.019-இல் தொடங்கி, ஒரு நாளைக்கு 0.001 அல்லது 0.002 என்று ஏற்றி, ஒரு வாரத்தில் 1.025-க்குக் கொண்டுவாருங்கள். அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். அதை 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) அளவுத் திரவத்தால் சரிபார்க்க வேண்டும். ஆர்.ஓ. நீரை விட்டுப் பூஜ்யம் காட்டினால் போதும் என்று விட்டுவிட்டால் மேல் அளவுகளில் பிசகு இருப்பது தெரியாது.

இறால், நத்தை, நட்சத்திர மீன் போன்றவற்றுக்கும் இதே முறையா?

இவற்றுக்குத்தான் சொட்டு முறை உண்மையில் தேவை. இவை பெரும்பாலும் மீனைப்போல் உடலின் உப்பைத் தாமே சரிசெய்துகொள்ள முடியாதவை. சுற்றியுள்ள நீர் மாறினால் உடலும் மாறும். ஏர் பம்ப் குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு நொடிக்கு இரண்டு மூன்று சொட்டு விழும்படி வையுங்கள். வாளியில் நீர் இரட்டிப்பானதும் பாதியைக் கொட்டிவிட்டுத் தொடருங்கள். இரண்டு நீரின் உப்பும் ஒன்றாகும்வரை, அதாவது ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் விடுங்கள். நட்சத்திர மீனுக்கு இன்னும் பொறுமை வேண்டும். ஸ்பாஞ்ச் (கடற்பஞ்சு) வகை உயிர்களை மட்டும் தண்ணீரிலிருந்து வெளியே எடுக்கவே கூடாது. அவற்றின் துளைகளில் காற்று சிக்கிக்கொண்டால் அந்தப் பகுதி அழுகிப்போகும்.

பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றலாமா?

கூடாது. மீனை மட்டும் சிறு டப்பாவிலோ மென்மையான வலையிலோ எடுத்து விடுங்கள். தண்ணீர் சாக்கடைக்கு.

தனிமைத் தொட்டி கட்டாயம் வேண்டுமா? ஒரு மீனுக்கு இன்னொரு தொட்டியா?

வேண்டும். மீனைப் பழக்குவது என்பதன் பெரும்பகுதி இங்கேதான் நடக்கிறது.

பெரிதாக ஒன்றும் தேவையில்லை. சிறு மீன்களுக்கு 40 முதல் 75 லிட்டர் கண்ணாடித் தொட்டி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள இரண்டு மூன்று பி.வி.சி. குழாய்த் துண்டுகள், மீன் துள்ளிக் குதிக்காமல் இருக்க வலை மூடி. மணலும் கல்லும் வேண்டாம், அவை மருந்தை உறிஞ்சிவிடும். ஸ்பாஞ்சை முன்கூட்டியே சில வாரம் பெரிய தொட்டியின் சம்ப்பில் (அதனோடு இணைந்த வடிகட்டித் தொட்டியில்) போட்டு வைத்தால் அதில் பாக்டீரியா ஏறியிருக்கும். இருந்தாலும் அம்மோனியாவை நாள்தோறும் பாருங்கள்.

அங்கே குறைந்தது 30 நாள் மீனைக் கவனியுங்கள். கடல் மீன்களின் 'வெள்ளைப் புள்ளி' நோயைத் தருவது கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ் என்ற ஒட்டுண்ணி. அது மீன்மேல் சில நாள் தின்று கொழுத்துவிட்டு உதிர்ந்து, கல்லிலும் கண்ணாடியிலும் கூடு கட்டிக்கொள்ளும். கூட்டிலிருந்து புதிய குஞ்சுகள் வர மூன்று நாளும் ஆகலாம், பல வாரமும் ஆகலாம். புள்ளிகள் மறைந்ததைப் பார்த்து நோய் போய்விட்டது என்று மகிழ்கிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். வெல்வெட் நோய் இதைவிடக் கொடியது. உடலில் பொடி தூவியதுபோல் தெரியும் முன்பே செவுளைத் தாக்கி, ஓரிரு நாளில் தொட்டியையே காலிசெய்துவிடும். மூச்சு வேகமாக வாங்குவது, பம்ப்பின் நீரோட்டத்துக்கு எதிரே போய் நிற்பது, வெளிச்சத்தை விட்டு ஒதுங்குவது ஆகியவை அதன் முதல் அடையாளங்கள். க்ளவுன் மீனின் தோல் உரிந்து சளி தொங்கினால் புரூக்ளினெல்லா என்ற ஒட்டுண்ணியை நினையுங்கள். வெள்ளைப் புள்ளிக்கும் வெல்வெட்டுக்கும் கொடுக்கும் தாமிர மருந்து அதற்குப் பலிக்காது, ஃபார்மலின் குளியல்தான் மருந்து.

பெரிய தொட்டியிலேயே வெள்ளைப் புள்ளி வந்துவிட்டது. மருந்தை அதிலேயே ஊற்றிவிடலாமா?

பவளமோ இறாலோ இருக்கும் தொட்டியில் தாமிர மருந்தை ஊற்றினால் அவை எல்லாம் செத்துவிடும். கல்லும் தாமிரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மீன்கள் அத்தனையையும் தனிமைத் தொட்டிக்கு மாற்றி அங்கே மருந்து கொடுங்கள். தாமிர மருந்துகளில் வகைக்கு வகை அளவு வேறு. ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் போட்டால் மீனுக்கே நஞ்சாகும். அதற்கேற்ற சோதனைப் பெட்டியால் அளந்து, சொன்ன அளவை இடைவிடாமல் வைத்திருக்க வேண்டும். அதே நேரம் அம்மோனியாவை மட்டுப்படுத்தும் திரவங்களைச் சேர்க்காதீர்கள், சில தாமிர மருந்துகளோடு அவை கலந்தால் ஆபத்து.

பெரிய தொட்டியை மீனே இல்லாமல் 76 நாள் விட்டுவைப்பது பொழுதுபோக்காளர்களிடையே பழகிப்போன கணக்கு. கூட்டிலிருந்து 72 நாள் வரை குஞ்சு வெளிவந்ததாகப் பதிவு உண்டு, அதனால்தான் இந்த நீளம். மீன் இல்லாவிட்டால் வெளிவரும் குஞ்சு ஓரிரு நாளில் பட்டினியால் சாகும். இரண்டரை மாதம் வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பது கடினம்தான், ஆனால் குறுக்குவழி இல்லை.

புது மீன் சாப்பிடவில்லை, ஒளிந்தே இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

முதல் நாள் சாப்பிடாமல் இருப்பது இயல்பு. அன்று உணவு போடவே வேண்டாம். அடுத்த நாள் உறைந்த மைசிஸ் இறாலோ ஆர்ட்டீமியாவோ கொஞ்சம் கொடுத்து, மிஞ்சியதை எடுத்துவிடுங்கள். மணலில் புதையும் ராஸ் வகைகள் வந்தவுடன் சில நாள் காணாமல் போகும். மணலைக் கிளறித் தேடாதீர்கள். அந்த வகையைத் தனிமைத் தொட்டியில் வைக்கும்போது ஒரு டப்பாவில் மணல் வையுங்கள்.

இந்தக் கவலையைப் பாதியாக்கும் வழி கடையிலேயே இருக்கிறது. பணம் கொடுக்கும் முன் 'அண்ணா, கொஞ்சம் சாப்பாடு போட்டுக் காட்டுங்க' என்று கேளுங்கள். சாப்பிடாத மீனை வாங்காதீர்கள். முதுகு ஒட்டி, வயிறு உள்வாங்கியிருந்தால் என்ன அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். மாண்டரின் மீன் கோப்பிபாடு என்ற உயிருள்ள நுண்ணிய பூச்சிகளையே நாள் முழுக்கக் கொத்தித் தின்னும், எனவே புதுத் தொட்டியில் அது மெல்ல மெல்லப் பட்டினியால் சாகும்.

இன்னொன்றையும் கேளுங்கள்: தொட்டியில் பிறந்த மீனா, கடலில் பிடித்ததா? பிலிப்பைன்ஸில் 1960-கள் தொடங்கியும், பின்னர் இந்தோனேசியாவிலும் சோடியம் சயனைடு அடித்து மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் இருந்துவந்திருக்கிறது. அந்த மீனை எவ்வளவு பொறுமையாகப் பழக்கினாலும் பிழைப்பது சந்தேகம், அது வாழ்ந்த பவளமும் அங்கே செத்திருக்கும். க்ளவுன் மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கும் முறை ராமேசுவரம் அருகே மண்டபம் என்ற ஊரில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் வரை நம் ஊரிலேயே கைவந்திருக்கும்போது, கடலில் பிடித்த க்ளவுனை வாங்க எந்த நியாயமும் இல்லை.

பழைய மீன் புது மீனைத் துரத்துகிறது. எப்படிச் சமாளிப்பது?

துளையிட்ட அக்ரிலிக் பெட்டியில் புது மீனைப் போட்டு, பெரிய தொட்டிக்குள்ளேயே நான்கைந்து நாள் தொங்கவிடுங்கள். இரண்டும் பார்த்துப் பழகும், கடிக்க முடியாது. பழைய மீன் பெட்டியை முட்டுவதை நிறுத்தியபின் மாலையில் விளக்கை அணைத்துவிட்டுத் திறந்துவிடுங்கள். கற்களைக் கொஞ்சம் இடம்மாற்றி வைத்தால் எல்லை குழம்பி, சண்டை குறையும். வாங்கும்போதே சாது மீன்கள் முதலில், முரட்டு மீன்கள் கடைசியில் என்று வரிசை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே உருவமும் நிறமும் உள்ள இரண்டு டேங் மீன்களைச் சிறு தொட்டியில் போட்டால் எந்தப் பெட்டியும் காப்பாற்றாது.

பவளத்தை எப்படிப் பழக்குவது?

வெப்பநிலையைச் சமப்படுத்துங்கள். உப்பு மிகவும் வேறுபட்டால் அரை மணி நேரம் தொட்டி நீரைச் சேர்த்துக்கொண்டு வாருங்கள், அதற்குமேல் இழுக்க வேண்டாம். பவளத்துக்கு முக்கியமானது அதன்பின் வரும் மருந்துக் குளியல். அயோடின் கலந்த நீரிலோ பவளத்துக்கென்று விற்கும் குளியல் திரவத்திலோ, புட்டியில் சொன்ன நேரம் வைத்து, சிறு குழாயால் நீரைப் பீய்ச்சி ஆட்டுங்கள். ஒரு வெள்ளைத் தட்டில் செய்தால் உதிர்ந்து விழுவதெல்லாம் கண்ணுக்குத் தெரியும்: அக்ரோபோரா என்ற கல்பவளத்தைத் தின்னும் தட்டைப்புழு, மாண்டிபோரா என்ற கல்பவளத்தைத் தின்னும் சிறு கடல் நத்தை, சோவாந்திட் பவளத்தின் நிறத்திலேயே ஒளிந்திருக்கும் நுடிபிராங்க் என்ற ஓடில்லாக் கடல் நத்தை. முதல்முறை பார்க்கிறவர்கள் திகைத்துப்போவார்கள்.

எந்தக் குளியலும் முட்டைகளைக் கொல்லாது. ஆகவே பவளம் ஒட்டியிருக்கும் சிமென்ட் ப்ளக்கை வெட்டி எறிந்துவிட்டுப் புது ப்ளக்கில் ஒட்டுங்கள். களைபோல் பரவும் ஐப்டேசியா என்ற சிறு கடல் அனிமோனும் பெரும்பாலும் அந்தப் பழைய ப்ளக்கில்தான் வரும். முடிந்தால் சில வாரம் தனியே வைத்து, வாரம் ஒருமுறை குளியலைத் திரும்பச் செய்யுங்கள்.

நீரின் அளவுகளில் காரத்தன்மையைத்தான் முதலில் பார்ப்பேன், டி.கே.ஹெச். என்பது அதன் அலகு. 7 முதல் 11 டி.கே.ஹெச்.-க்குள் எங்கே இருந்தாலும் பவளம் வாழும், ஆனால் ஒரே நாளில் ஒரு டி.கே.ஹெச்.-க்கு மேல் ஏறி இறங்கினால் கல்பவளங்களின் நுனி கருகும். கால்சியம் 400 முதல் 450, மெக்னீசியம் 1250 முதல் 1350 பிபிஎம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அடியோடு துடைத்துவிடாதீர்கள், பவளத்துக்கு அவை கொஞ்சம் வேண்டும்.

விளக்குக்கு நேர் கீழே வைக்கலாமா?

உடனே கூடாது. பவளத்தின் சதைக்குள் வாழும் பாசிதான் ஒளியிலிருந்து உணவு சமைத்துக் கொடுக்கிறது. பழகிய ஒளியைவிடத் திடீரென்று அதிகம் விழுந்தால் அந்தப் பாசியே நஞ்சை உண்டாக்கத் தொடங்கும், பவளம் அதை வெளியே தள்ளிவிட்டு வெளிறிப்போகும். எந்தப் பவளமானாலும் முதலில் தொட்டியின் அடியில் வைத்து, இரண்டு முதல் நான்கு வாரத்தில் மெல்ல மேலே கொண்டுவாருங்கள். எல்.இ.டி. விளக்கின் அளவைக் குறைத்து வைத்து வாராவாரம் ஏற்றினாலும் சரி. மென்பவளங்களுக்கு 50 முதல் 100 பார் (PAR, பாசி உணவு சமைக்கப் பயன்படும் ஒளியின் அளவு) ஒளி போதும். அக்ரோபோரா போன்றவை 200-க்கு மேல் கேட்கும்.

பழுப்பாக மாறினால் பெரும்பாலும் ஒளி குறைவு அல்லது நீரில் சத்து அதிகம். வெளிறினால் ஒளி அதிகம் அல்லது வெப்பம். சதையே உரிந்து வெள்ளை எலும்பு தெரிந்தால் அது வேறு. அங்கே உயிர் போய்க்கொண்டிருக்கிறது, நல்ல பகுதியை வெட்டிக் காப்பாற்றுங்கள்.

இடைவெளி விடவும் மறக்காதீர்கள். கலாக்சியா என்ற கல்பவளம் இரவில் நீளமான கொடுக்கிழைகளை நீட்டி அக்கம்பக்கத்துப் பவளத்தைச் சுடும். பகலில் பார்த்து இடம் தீர்மானித்தால் தவறிவிடும்.

வந்து மூன்று நாளாகியும் பவளம் திறக்கவில்லை.

தொடாதீர்கள். சோவாந்திட் ஒரு வாரம்கூட மூடியிருக்கும். லெதர் பவளம் மேல்தோலை உரித்துவிட்டுத் திறக்கும். தினமும் இடம் மாற்றுவதுதான் அதைக் கொல்லும்.

சோவாந்திட் விஷம் என்கிறார்களே?

உண்மை. சோவாந்திட், குறிப்பாகப் பாலிதோவா வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. ஹவாயில் கிடைத்த பாலிதோவாவிலிருந்து 1971-இல் இதைப் பிரித்தெடுத்தார்கள். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் அவற்றை வெட்டாதீர்கள். அவை ஒட்டிய கல்லைக் கொதிக்க வைப்பதோ, வெந்நீர் ஊற்றித் தேய்ப்பதோ கூடவே கூடாது. ஆவியோடு நஞ்சு வீடெங்கும் பரவி, குடும்பத்தையே மருத்துவமனைக்கு அனுப்பிவிடும்.

ராமேசுவரம் போகும்போது ஒரு பவளத் துண்டு எடுத்துவரலாமா?

கூடாது. கல்பவளம், கருப்புப் பவளம், கடல் விசிறி, நெருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம், கடற்குதிரை எல்லாம் 2001-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டு, சட்டப் பாதுகாப்பில் உள்ளன. செத்த பவளக் கல்லும் அதில் அடக்கம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல காலம் வெட்டியெடுக்கப்பட்ட பாறைகள் அவை, இப்போதுதான் மீள முயல்கின்றன. கடையில் 'உள்ளூர்ச் சரக்கு' என்று கல்பவளத்தைக் காட்டினால் வாங்காமல் திரும்பிவிடுங்கள். சிங்கப்பூர், வளைகுடா, கனடா என்று வெளிநாட்டில் இருப்பவர்களும், எல்லை தாண்டும் கல்பவளத்துக்கு சைட்டிஸ் (அருகிவரும் உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) அனுமதி வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். தொட்டியிலேயே வளர்ந்து வெட்டிய ஃப்ராக் துண்டுதான் நல்லது, தொட்டி வாழ்க்கைக்கு அது ஏற்கெனவே பழகியிருக்கும்.

நெமோவுக்கு அனிமோன் வேண்டாமா?

க்ளவுன் மீன் அனிமோன் இல்லாமலே தொட்டியில் நலமாக வாழும். அனிமோனுக்கோ நிலைத்த நீரும் நல்ல ஒளியும் வேண்டும், தொட்டி குறைந்தது ஆறு மாதம் ஓடியிருக்க வேண்டும். பிடிக்காத இடத்தை விட்டு அது நகர்ந்துகொண்டே இருக்கும், எனவே வேவ்மேக்கரில் (நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்) சிக்காதபடி அதற்குக் கண்டிப்பாக வலை மாட்டுங்கள்.

சென்னை வெயிலிலும் கரண்ட் கட்டிலும் புது உயிர்களைக் காப்பாற்றுவது எப்படி?

சித்திரை, வைகாசியில் புதிதாக எதுவும் வாங்காமல் இருப்பது நல்லது. தொட்டி நீர் 25, 26 டிகிரியில் நிற்க வேண்டும். சூடான உப்புநீரில் ஆக்ஸிஜன் குறைவாகவே தங்கும், பயணக் களைப்போடு வந்த மீன் முதலில் தவிப்பது அதற்குத்தான். சில்லர் வாங்க முடியாவிட்டால் நீர்ப்பரப்பின் மேல் மின்விசிறி வைத்து இரண்டு மூன்று டிகிரி குறைக்கலாம். அப்போது நீர் வேகமாக ஆவியாகும், உப்பு பின்தங்கி அளவு ஏறும். அதை ஈடுகட்ட ஊற்றுவது நன்னீராக இருக்க வேண்டும், உப்புநீர் அல்ல. ஆர்.ஓ. நீரை டி.ஐ. வடிகட்டியிலும் (மிஞ்சிய உப்புகளை நீக்குவது) விட்டு, டி.டி.எஸ். (கரைந்துள்ள திடப்பொருள் அளவு) பூஜ்யம் காட்டும்படி எடுங்கள். கேன் தண்ணீரை அளக்காமல் ஊற்றாதீர்கள்.

கடற்கரையிலிருந்து நீர் கொண்டுவந்து பயன்படுத்துகிறவர்கள் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கவனமாக இருங்கள். மழையும் ஆற்று நீரும் கலந்து அப்போது கரையோர நீரின் உப்பு இறங்கிவிடும், ஒவ்வொரு கேனையும் அளந்தே ஊற்ற வேண்டும்.

மின்தடைக்குப் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று தனிமைத் தொட்டிக்கு, ஒன்று பெரிய தொட்டிக்கு. கரண்ட் போனதும் தானே ஓடத் தொடங்கும் வகையாக வாங்குங்கள், இரவில் நீங்கள் தூங்கும்போதும் அது வேலை செய்யும்.